விளையாட்டைப் படைக்க என்ன படிக்க வேண்டும்?

விளையாட்டில் பொழுதைக் கழிக்கும் பிள்ளையைப் பெற்றோர் கண்டிப்பது எக்காலத்தும் உள்ள வழக்கம். ஆனால், விளையாட்டைப் படைப்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்பவர்கள் இன்று உலகெங்கும் பல்லாயிரவர் உள்ளனர். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுகள் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டன. கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களிடம் எதிர்காலம் பற்றிக் கேட்டால், ஓரிருவராவது, "வீடியோ விளையாட்டு செய்யும் வேலைக்குப் போக ஆசை, அதற்கு என்ன படிக்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆனால் கேட்பவர்களுள் பலர், இயற்பியலும் கணிதமும் தேர்வோடு தீர்ந்துபோகும் சுமைகள் என்றும், விளையாட்டு செய்யும் வித்தை வேறெங்கோ ஒரு தனிப் பயிற்சிக்கூடத்தில் விலைக்குக் கிடைக்கும் என்றும் எண்ணியிருக்கிறார்கள். உண்மை ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. அவர்கள் பரணில் போட்டுவிட்ட பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலிலும் கணித நூலிலும்தான் அந்த வித்தையின் பெரும்பகுதி இருக்கிறது. அது எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஆட்டம்

1958ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவிலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்கள் வந்து பார்க்க ஏற்பாடாகியிருந்தது. காட்சிக்கு வைக்கப்படும் கருவிகளும் படங்களும் வருவோருக்குச் சலிப்பூட்டும் என்று கருதினார் அங்குப் பணியாற்றிய வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலார். ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய ஒப்புமைக் கணிப்பொறி இருந்தது. எறிபொருளின் பாதையையும், துள்ளும் பந்தின் பாதையையும் அதில் எவ்வாறு கணக்கிடலாம் என்று அதன் கையேட்டிலேயே விளக்கியிருந்தார்கள். ஹிகின்பாதம் அந்தப் பாதையை அலைவுகாட்டியின் வட்டத் திரையில் ஓர் ஒளிப்புள்ளியாக ஓடவிட்டார். நடுவில் வலையாக ஒரு சிறு கோடு. ஆடுவோர் இருவருக்கும் ஆளுக்கொரு திருகும் பொத்தானும். டென்னிசு ஆட்டம் தயாராகிவிட்டது! பார்வையாளர்கள் அதை ஆட வரிசையில் காத்து நின்றனர்.

ஹிகின்பாதம் அணு ஆயுதப் பரவலைத் தடுப்பதற்காக நெடுங்காலம் பாடுபட்டவர். உலகம் அவரை நினைப்பதோ இந்த ஆட்டத்துக்காகத்தான். அது போகட்டும். நாம் கருத வேண்டியது, இந்த ஆட்டத்தின் உயிர்நிலை எறிபொருளின் இயக்கச் சமன்பாடு என்பதே. அன்றிலிருந்து திரைகள் பெரிதாயின, வண்ணங்கள் கூடின; ஆனால் உள்ளே நடக்கும் கணக்கு மாறவில்லை.

வினாடிக்கு அறுபது முறை

சினிமாவில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்னரே எடுக்கப்பட்ட படங்கள். விளையாட்டில் அப்படியில்லை, ஆடுபவர் அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் அவ்வப்போதே கணக்கிட்டு வரைய வேண்டியிருக்கிறது. பொதுவாக வினாடிக்கு 60 படங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி வினாடி. அதற்குள் பொத்தான்களைக் கவனித்து, ஒவ்வொரு பொருளையும் நகர்த்தி, மோதல்களைச் சரிபார்த்து, ஒளியும் நிழலும் கணக்கிட்டு, ஒலியையும் எழுப்பியாக வேண்டும். பின் மீண்டும் முதலிலிருந்து. வீடியோ விளையாட்டு என்பது இந்தச் சுழற்சியே.

எளிய எடுத்துக்காட்டாக, தாண்டுதலை எடுத்துக்கொள்வோம். விளையாட்டின் நாயகன் 2 மீட்டர் உயரம் எழும்ப வேண்டும்; உச்சியை 0.4 வினாடியில் அடைய வேண்டும் என்று வடிவமைப்பாளர் கேட்கிறார். இயற்கையான புவியீர்ப்பில் அந்த உயரத்தை எட்ட 0.64 வினாடி பிடிக்கும். ஆடுபவருக்கு அது மந்தமாகத் தோன்றும். ஆகவே நாம் ஈர்ப்பையே மாற்றுகிறோம். சீரான முடுக்கத்தின் சமன்பாடுகளை நினைவுகூருங்கள். உயரத்தின் இரு மடங்கை நேரத்தால் வகுத்தால் தொடக்கத் திசைவேகம் வரும்: வினாடிக்கு 10 மீட்டர். அதை மீண்டும் நேரத்தால் வகுத்தால் முடுக்கம்: 25. இது ஏறத்தாழ வியாழன் கோளின் ஈர்ப்பு! விளையாட்டுகளில் நாயகர்கள் பலர் இப்படிப் புவியைவிடக் கனமான உலகங்களில்தான் துள்ளித் திரிகிறார்கள். ஆடுபவர் யாரும் அதை உணர்வதில்லை.

இனித்தான் சுவையான பகுதி. கணிப்பொறி தொடர்ச்சியாக நகர்த்துவதில்லை. 1/60 வினாடிக்கு ஒருமுறை படிப்படியாக நகர்த்துகிறது. நிரல் எழுதும் மாணவர் ஒருவர், "இப்போதுள்ள திசைவேகத்தால் இடத்தை மாற்று, பிறகு திசைவேகத்தைக் குறை" என்று எழுதுகிறார். பார்வைக்குப் பிழையில்லை. ஆனால் 24 படிகளையும் கூட்டிப் பாருங்கள்: நாயகன் 2 மீட்டர் அன்று, 2.08 மீட்டர் எழும்புவான். அதே நிரலை வினாடிக்கு 30 படங்களே வரையும் பழைய கணிப்பொறியில் ஓட்டினால், 12 படிகளில் 2.17 மீட்டர் எழும்புவான். இப்போது 2.12 மீட்டர் உயரத்தில் ஒரு திட்டு இருக்கிறது என்று கொள்வோம். பழைய கணிப்பொறி வைத்திருப்பவர் அதில் ஏறிவிடுவார். புதியது வாங்கியவர் எத்தனை முறை முயன்றாலும் ஏற முடியாது!

வரிசையை மாற்றி, முதலில் திசைவேகத்தைக் குறைத்துப் பின்னர் இடத்தை மாற்றினால் பிழை மறுபக்கம் சாயும்: 60 படங்களில் 1.92 மீட்டர், 30 படங்களில் 1.83 மீட்டர். தீர்வு என்ன? பழைய திசைவேகத்தையும் புதிய திசைவேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அந்தச் சராசரியால் நகர்த்த வேண்டும். இரு கணிப்பொறிகளிலும் விடை சரியாக 2 மீட்டர். தொடக்க, இறுதித் திசைவேகங்களின் சராசரியை நேரத்தால் பெருக்கினால் இடப்பெயர்ச்சி என்று நாம் மனப்பாடம் செய்த அதே வரிதான் இது. மனப்பாடம் செய்தபோது அது எதற்கென்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

கணிப்பொறியின் வேகம் ஆட்டத்தைப் பாதிப்பது புதிய செய்தியன்று. 1978இல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், எதிரிகள் சுட்டு வீழ்த்தப்பட்டு எண்ணிக்கை குறையக் குறைய, மிஞ்சியவை விரைந்து நகரத் தொடங்கின. வரைய வேண்டியவை குறைந்ததால் கணிப்பொறியின் பளு குறைந்ததே காரணம். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார், ஆட்டம் அதனால் விறுவிறுப்பாயிற்று! பிழை எது, சுவை எது என்று பிரித்தறிவதும் இத்தொழிலில் ஒரு திறமை. ஆனால் முதலில் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

காவலன் கண்

வெக்டர் பாடத்தில் இரு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம் என்று ஒன்று வருகிறது. விளையாட்டு நிரலருக்கு அது அன்றாடக் கருவி. கோட்டைக் காவலன் ஒருவன் நேரே பார்த்தபடி நிற்கிறான்; அவன் பார்வை இருபுறமும் 60 பாகை விரியும் என்று கொள்வோம். திருடன் அவன் கண்ணில் படுவானா? காவலன் பார்க்கும் திசையை ஓர் ஓரலகு வெக்டராகவும், காவலனிடமிருந்து திருடன் இருக்கும் திசையை மற்றோர் ஓரலகு வெக்டராகவும் எழுதிப் பெருக்குங்கள். 60 பாகையின் கொசைன் 0.5. பெருக்கம் 0.5ஐ விட மிகுந்தால் திருடன் அகப்பட்டான். கோணத்தைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை. சுவரில் விழும் ஒளியின் அளவைக் கணக்கிடுவதும் இதே பெருக்கம்தான்.

ஓரலகு வெக்டர் வேண்டுமானால் வெக்டரை அதன் நீளத்தால் வகுக்க வேண்டும். அதற்கு வர்க்கமூலம் வேண்டும். ஒரு படத்துக்கு இலட்சக்கணக்கில் வர்க்கமூலம் காண்பது பழைய கணிப்பொறிகளுக்கு மிகுந்த செலவு. 1999இல் வெளிவந்த 'குவேக் 3 அரீனா' என்னும் விளையாட்டின் நிரல் முழுவதும் 2005இல் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. அதில் வர்க்கமூலத்தின் தலைகீழைச் சில வரிகளில் கண்டுவிடும் ஒரு குறுக்குவழி இருந்தது. எண்ணின் இருமக் குறியீட்டைக் கொண்டு முதல் தோராயத்தை ஊகித்து, பிறகு நியூட்டன் முறையால் ஒரே ஒரு முறை திருத்திக்கொள்கிறார்கள். பட்டப் படிப்பில் எண்ணியல் முறைகள் படித்தவர்களுக்கு அந்தத் திருத்தம் நன்கு அறிமுகமானது. இன்றைய கருவிகளுக்கு அந்தத் தந்திரம் தேவையில்லை. ஆயினும் கணிதம் தெரிந்தவன் எழுதிய நிரல் எப்படியிருக்கும் என்பதற்கு அதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

ரெட்மண்ட் மாணவர்கள்

படிக்கும்போதே ஒருவர் எவ்வாறு தம்மைத் தயார் செய்துகொள்ளலாம் என்பதற்கு நடந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட் என்னும் ஊரில் டிஜிபென் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. விளையாட்டுத் தொழிலுக்கென்றே ஏற்பட்ட கல்லூரி அது. ஆனால் அதன் முதன்மையான இளநிலைப் பட்டத்தின் பெயரில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. நிகழ்நேரப் போலியாக்கம் என்ற பொருள்படும் பெயரே உள்ளது. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், இயற்பியல் ஆகியவற்றோடு, குழுவாகச் சேர்ந்து விளையாட்டு ஒன்றைச் செய்து முடிப்பதும் பாடத்திட்டத்தின் பகுதியாகும்.

அங்குப் படித்த மாணவர் குழு ஒன்று 2005இல் 'நார்பகுலர் டிராப்' என்னும் சிறு விளையாட்டை வெளியிட்டது. குகையில் சிறைப்பட்ட ஓர் இளவரசி; அவளுக்குத் தாண்டவே தெரியாது. ஆடுபவர் சுவரிலோ தரையிலோ இரண்டு வாயில்களைத் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளிவரலாம். விளையாட்டு முழுவதும் இந்த ஒரே கருத்தின் மேல் நின்றது. படம் சுமார்தான், ஆட்டமும் நீளமானதன்று. ஆனால் வால்வ் என்னும் நிறுவனத்தார் அதைக் கண்டு, அந்த மாணவர் குழுவையே வேலைக்கு அமர்த்திக்கொண்டனர். அதே கருத்தை வளர்த்து 2007இல் வெளிவந்த 'போர்ட்டல்' உலகப் புகழ் பெற்றது. அதன் தொடர்ச்சியான 'போர்ட்டல் 2' (2011) உருவானபோதும், அதே கல்லூரி மாணவர்களின் மற்றொரு படைப்பில் வந்த வண்ணப்பூச்சுக் கருத்து அதில் இடம்பெற்றது. அவர்களும் பணியில் சேர்க்கப்பட்டனர்.

'போர்ட்டல்' ஆசிரியர்களுக்கு வாய்த்த அருமையான பாடக்கருவி. 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையிலுள்ள வாயிலில் விழுபவர் வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் நுழைகிறார்; சுவரிலுள்ள வாயில் வழியே அதே வேகத்தில் கிடைத்தளமாக வெளியே பாய்கிறார். வேகம் மாறவில்லை, திசை மாறிவிட்டது. ஆகவே உந்தம் அழியாமல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதன் எண்ணளவு மட்டுமே காக்கப்படுகிறது. திசையைத் திருப்பும் வேலையைச் செய்வது ஒரு சுழற்சி அணி. இனி ஒரு வாயிலைக் கூரையிலும் மற்றதை நேர் கீழே தரையிலும் வையுங்கள். விழுபவர் தரையில் நுழைந்து கூரையில் வெளிவந்து மீண்டும் விழுவார்; ஒவ்வொரு சுற்றிலும் இயக்க ஆற்றல் கூடும். நிலை ஆற்றலை யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. ஆற்றல் அழிவின்மை விதி இங்கே மீறப்பட்டுவிட்டது. எந்த விதியைக் காப்பது, எதை மீறுவது என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் அந்த விளையாட்டின் சுவை இருக்கிறது. விதியை அறியாதவரால் இப்படி மீறவும் முடியாது.

எங்கே தொடங்குவது?

நிரல் எழுதுவோர் மட்டும் விளையாட்டு செய்வதில்லை. ஓவியர், உருவங்களுக்கு அசைவு தருவோர், இசையமைப்போர், கதை எழுதுவோர், ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்போர் என்று பலர் வேண்டும். உடற்கூறு அறிந்து கைப்பட வரையத் தெரிந்த ஓவியருக்கு இத்தொழிலில் நல்ல இடமுண்டு. தமிழருக்கு இதில் ஓர் இனிய சான்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த சிறு குழு ஒன்று 2023இல் வெளியிட்ட 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்லியும் புட்டும் சமைப்பதே அதில் ஆட்டம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு வழங்கியது. இட்லியை வேகவைக்கும் முறையை ஒரு புதிராக்கலாம் என்று தோன்றியதே, அதை எந்தப் பயிற்சிக்கூடமும் கற்றுத் தராது.

நிரல் பக்கம் வர விரும்புவோருக்குச் சில சொற்கள். முதலில் சிறியதாக ஒன்றைச் செய்யுங்கள். ஒரு பந்து, இரண்டு மட்டைகள். 1972இல் அடாரி நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்னும் பொறியாளருக்குப் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட வேலையும் இதுவே. அந்தப் பயிற்சிதான் 'பாங்' என்னும் பெயரில் உலகெங்கும் விற்பனையாயிற்று. மாணவர்களில் பலர் முதல் முயற்சியிலேயே நூறு வீரர்கள் மோதும் பெரும் போரைத் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். பத்து அரைகுறைகளைவிட, மதிப்பெண் காட்டி, ஒலி எழுப்பி, வென்றதும் ஒழுங்காக முடியும் ஒரு சிறு விளையாட்டு மேலானது. அதை நண்பரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் வேலை இன்னும் முடியவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கும் கூட்டுப் பயிற்சிகளும் நடைபெறுகின்றன. 2009 முதல் ஆண்டுதோறும் உலகளவில் நடந்துவரும் 'குளோபல் கேம் ஜாம்' அவற்றுள் ஒன்று.

கருவிக்குப் பணம் தடையாக இருக்க வேண்டியதில்லை. 'கோடோ' என்னும் விளையாட்டு எஞ்சின் 2014 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் நிரலையும் திறந்து படிக்கலாம். முப்பரிமாண உருவங்களை அமைக்க 'பிளெண்டர்' உள்ளது, அதுவும் இலவசமே. வீட்டில் கணிப்பொறி இல்லாதவர் கல்லூரி ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்தலாம். மேலே கண்ட தாண்டுதல் கணக்குக்கு நோட்டும் பென்சிலுமே போதும். முதல் மொழியாகப் பைதானையும், கை பழகிய பின் சி பிளஸ் பிளஸ் மொழியையும் கற்பது நல்ல வரிசை. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் நிரல் எழுதித் தருகின்றன. தரட்டும், ஆனால் நாயகன் 2 மீட்டருக்குப் பதில் 2.17 மீட்டர் ஏன் எழும்பினான் என்று தெரியாதவருக்கு, தமக்குக் கிடைத்த நிரல் சரியா தவறா என்பதும் தெரியாது.

தமிழ் வழியில் படித்தவர்கள் தயங்குவது ஆங்கிலத்தைக் கண்டுதான். இதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை: கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன, அவற்றைப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் தேவை. ஆனால் கையேட்டு ஆங்கிலம் கவிதையன்று. சில நூறு சொற்களே திரும்பத் திரும்ப வரும். நாள்தோறும் ஒரு பக்கமாவது அகராதியோடு படித்தால் ஓராண்டில் பழகிவிடும். புள்ளிப் பெருக்கம் ஆங்கிலத்தில் படித்தாலும் தமிழில் படித்தாலும் ஒரே விடையைத்தான் தருகிறது. தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டவருக்குச் சொல் மட்டுமே புதிது, பொருள் அன்று.

படிப்பைப் பொறுத்தவரை என் கருத்து இது: மேல்நிலை வகுப்பு முடித்தவுடன் பெரும் கட்டணம் கட்டி விளையாட்டுச் சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்வதைவிட, கணிப்பொறியியல், கணிதம், இயற்பியல் ஆகியவற்றுள் ஒன்றில் நல்ல பட்டம் பெறுவதே பாதுகாப்பானது. விளையாட்டு வடிவமைப்பிலேயே மேற்படிப்பு விரும்புவோருக்குத் தேசிய வடிவமைப்புக் கழகம் பெங்களூரு வளாகத்தில் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. பாதுகாப்பு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகின் பெரிய விளையாட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கின. ஏற்றமும் இறக்கமும் உள்ள தொழில் இது. வெக்டரும் எண்ணியல் முறையும் நிரலும் தெரிந்தவருக்கு, விமானிகளுக்கான பயிற்சிப் பொறிகள், மருத்துவப் படிமங்கள், எந்திர மனிதக் கைகள் என்று வேறு வாயில்களும் திறந்திருக்கும். ஒரே ஒரு கருவியின் பொத்தான்களை மட்டும் பழகியவருக்கு அவ்வளவு எளிதன்று.

பெற்றோருக்கும் ஒரு சொல். பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டங்கள் வேறு. நாம் பேசும் தொழில் வேறு. அத்தகைய பண ஆட்டங்களைத் தடைசெய்ய 2025இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. மகன் அல்லது மகள் விளையாட்டு செய்யப் போகிறேன் என்று சொன்னால், உடனே அதை நினைத்து அஞ்ச வேண்டாம். இதுவரை செய்து முடித்ததைக் காட்டச் சொல்லுங்கள். நிறுவனத்தாரும் அதையேதான் கேட்பார்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், செய்த விளையாட்டைப் பார்ப்பார்கள். பின்னர் கணக்கு ஒன்றைக் கொடுத்து, எப்படிச் சிந்திக்கிறார் என்று கவனிப்பார்கள்.

அத்தகைய கணக்கு ஒன்று இதோ. துப்பாக்கிக் குண்டு ஒன்று வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வினாடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது 5 மீட்டர் நகர்ந்துவிடும். வழியில் 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர். ஒரு படத்தில் குண்டு சுவருக்கு இப்பால் இருக்கிறது. அடுத்த படத்தில் அப்பால் இருக்கிறது. எந்தப் படத்திலும் அது சுவரைத் தொடவில்லை! நிரல், மோதல் ஏதும் இல்லை என்றே சொல்லும். சுவருக்குப் பின் ஒளிந்தவன் இறந்துபோவான். இதைத் தடுக்க, குண்டின் இரு நிலைகளையும் இணைக்கும் நேர்கோட்டின் சமன்பாட்டையும், சுவரின் தளச் சமன்பாட்டையும் எழுதுங்கள். இரண்டும் வெட்டும் புள்ளியைக் கண்டு, அந்த வெட்டு 1/60 வினாடிக்குள் நிகழ்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலில் வெக்டர் பாடத்தின் பிற்பகுதியில் இருப்பது போதும். விடை வந்ததும், சுவரும் குண்டை நோக்கி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று யோசியுங்கள். அதற்குச் சார்புத் திசைவேகம் வேண்டும். அது பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலில் இருக்கிறது.